அறிவுப் பெட்டகமும் ஐந்தாம் மாடி அக்காவும்

மனித குலத்தின் வரலாறு மூன்று யுகங்களைக் கொண்டது. படிக்கத் தெரியாத யுகம் ஒன்று. படித்துவிட்டு மறந்துபோன யுகம் அடுத்தது. படிக்காமலே பத்திரப்படுத்தி வைக்கும் யுகம் மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி எழுத உலகத்தில் ஏராளமான ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாவது யுகமோ எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், முதல் மாடியில், இடது கைப் பக்க வீட்டில், சாப்பாட்டு மேசை மேல் பிறந்தது. பிரசவத்தின்போது நான் பக்கத்தில் இருந்தேன். ஆகவே இதை எழுதும் பொறுப்பை என்னால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

யுகத்தைப் பெற்றெடுத்த பெருமகன் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வேலையில் இருந்த காலத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. அடுப்பிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பொட்டலத்தை எடுத்து, தேதி எழுதி, அரக்கு முத்திரை வைத்து, இரும்பு அலமாரியில் அடுக்குவது அவர் தொழில். அதற்கு ‘மாதிரிப் பொட்டலம்’ என்று பெயர். யாரும் பிரிக்கக் கூடாது. யாரும் தின்னக் கூடாது. ஊர் உலகமெல்லாம் பிஸ்கட்டைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தபோது, பிஸ்கட்டைக் காப்பாற்றிய ஒரே மனிதர் அவர்தான். அப்படிப்பட்ட கைகளில் இணையம் கிடைத்தால் என்ன ஆகும்?

‘அறிவுப் பெட்டகம்’ ஆகும்.

பெட்டகம் அவருடைய கணினியில் இருந்தது. இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தலைப்பை ஒரு தடவை வாஞ்சையோடு பார்ப்பார். பிறகு ஒரு பொத்தானை அழுத்துவார். பக்கம் அப்படியே மடிந்து பெட்டகத்துக்குள் போய்விடும். அதற்கு ஒரு கோப்புறை, கோப்புறைக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு காரணம், காரணத்துக்குத் தனியாக ஒரு குறிப்பு. எந்தக் குறிப்பைக் கேட்டாலும் கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துக் காட்டிவிடுவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்வது போலாகும்.

நான் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறேன். தபால் நிலையத்தில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவன். தப்பாக எண்ண வேண்டாம், உறையைப் பிரித்ததில்லை, தெருவாரியாகப் பிரித்தேன். ஐந்தாம் மாடியில், அதாவது உச்சியில், என் அக்கா இருந்தாள். தனியாகத்தான் இருந்தாள். முழங்கால் இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஆனாலும் தினமும் மத்தியானம் லிஃப்டில் இறங்கி வந்து, என்னோடு சீட்டு விளையாடி, என்னைத் தோற்கடித்துவிட்டு, லிஃப்டில் ஏறிப் போய்விடுவாள். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் இப்படித்தான். லிஃப்ட் மட்டும் நடுவில் வந்தது.

அந்த லிஃப்ட் ஒரு நாள் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டது.

மெக்கானிக் வந்தார். மூன்றாம் மாடிக் கதவோரம் டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லைக் குத்துவது போல ஸ்க்ரூ டிரைவரால் எதையோ நெம்பினார். உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அங்கேதான் அவர் தவறு செய்தார்.

"கதவுப் பூட்டு தேஞ்சுபோச்சு சார். கதவு மூடியிருக்குன்னு மெஷினுக்குத் தெரிய மாட்டேங்குது, அதான் நகரல. புதுசு போட்டா ஓடிடும். பையிலயே இருக்கு. மொட்டை மாடி மெஷின் ரூம் சாவி மட்டும் குடுங்க, கரண்டை நிறுத்திட்டு மாட்டிடறேன்."

"எதை வெச்சு சொல்றீங்க?" என்றார் செயலாளர்.

"பார்த்துத்தான் சார்."

"அது உங்க சொந்தக் கருத்து. ஆதாரம் என்ன?"

மெக்கானிக் தேய்ந்த பூட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இது பொருள். நான் கேக்கறது ஆதாரம். எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? முகவரி சொல்லுங்க, சேமிச்சு வெச்சுக்கறேன்."

மெக்கானிக் அப்பாவியாகத் தன் வீட்டு முகவரியைச் சொன்னார். செயலாளர் அதையும் சேமித்துக்கொண்டார். "ஆராய்ஞ்சுட்டுக் கூப்பிடறோம்" என்று வழியனுப்பினார். மெக்கானிக் ஐந்து மாடிகளையும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். உள்ளே இருக்கும் தத்துவம் ஆழமானது. வாயால் சொன்னதைப் பெட்டகத்தில் போட முடியாது. பெட்டகத்தில் போட முடியாதது அறிவாகாது. ஆகவே மெக்கானிக்குக்கு ஒன்றும் தெரியாது. இந்தத் தத்துவத்தில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். லிஃப்ட் ஓடவில்லை என்பதைத் தவிர வேறு குறை தென்படவில்லை.

‘லிஃப்ட் ஆய்வுக் குழு’ உதயமாயிற்று. செயலாளர் தலைமை ஆய்வாளர். சங்கத்தின் பொருளாளர், ஓய்வு பெற்ற பல் டாக்டர், துணை ஆய்வாளர். நான் ‘குறிச்சொல் அலுவலர்’. ஒவ்வொரு குறிப்புக்கும் அது எதைப் பற்றியது என்று ஓரிரு சொல்லை ஒட்ட வேண்டும். "ஆயுசு பூரா கடுதாசியைத் தெருவாரியாப் பிரிச்சுப் போட்ட கை, உங்க கை. உங்களை விட்டா யாரு?" என்றார் செயலாளர். ஓய்வு பெற்றவனைப் பார்த்து ‘உங்களை விட்டா யாரு’ என்று சொன்னால் அவன் கிணற்றில்கூடக் குதிப்பான். நான் குதித்தேன்.

முதல் கூட்டம், லிஃப்டை எந்தக் கோப்புறையில் வைப்பது என்பது பற்றி.

"லிஃப்ட்ங்கறது இயந்திரம். ‘இயந்திரங்கள்’ ஃபோல்டர்ல போகணும்" என்றார் செயலாளர்.

"நின்னுபோனது எப்படி சார் இயந்திரமாகும்?" என்றார் பல் டாக்டர். "இப்ப அது ஒரு சின்ன அறை. கண்ணாடி மாட்டின அறை. ‘கட்டடம்’ ஃபோல்டர்ல போடுங்க."

"‘புகார்கள்’னு ஒண்ணு திறந்தா என்ன?" என்றேன் நான்.

இருவரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"புகார்ங்கறது உணர்ச்சி. இது ஆராய்ச்சி."

கடைசியில் ‘செங்குத்துப் போக்குவரத்து’ என்று புதிய கோப்புறை தொடங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அதற்கு மஞ்சள் நிறம் கொடுக்கலாம் என்றார் செயலாளர்.

"மஞ்சள் மட்டும் வேணாம் சார்" என்று துடித்தார் பல் டாக்டர். "வாழ்க்கை பூரா மஞ்சளைச் சுரண்டித்தான் குடும்பம் நடத்தினேன். இங்கயும் அதைப் பார்க்கணுமா?"

பச்சை ஆயிற்று. இரண்டாவது கூட்டம், எந்தப் பச்சை என்பது பற்றி.

ஆராய்ச்சி சூடு பிடித்தது. ‘லிஃப்ட் கதவுப் பூட்டு ஏன் தேய்கிறது’ என்று செயலாளர் தேடினார். அது அவரைக் கதவுகளிடம் கூட்டிப்போனது. கதவுகள் மரங்களிடம் ஒப்படைத்தன. மரங்கள் மரங்கொத்திகளிடம். மரங்கொத்திக்கு ஏன் தலைவலி வருவதில்லை என்ற கட்டுரையில் அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன். எல்லாம் பெட்டகத்துக்குள் போயிற்று. மரங்கொத்திக்கு என்ன குறிச்சொல் ஒட்டுவது என்று தெரியாமல் ‘செங்குத்து’ என்று ஒட்டினேன். மரத்தில் அப்படித்தானே நிற்கிறது? செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இதுல எதையாவது படிச்சுப் பார்க்க வேணாமா சார்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"இது சேகரிப்புக் கட்டம். அவசரப்பட்டுப் படிச்சா மனசுல ஒரு கருத்து உண்டாயிடும். கருத்து உண்டானா ஆராய்ச்சி கெட்டுடும்."

குறித்துக்கொண்டேன். சேமித்தும் வைத்தோம்.

மேலே அக்கா சிறைப்பட்டிருந்தாள். பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு கூடையை இறக்குவாள். நான் காய்கறியும் மருந்தும் வைப்பேன். அவள் இழுத்துக்கொள்வாள். கூடவே தொலைபேசியில் பேச்சு. அவள் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. வலது கண் எப்போதோ கைவிட்டுவிட்டது. மிச்சமிருந்த இடது கண்ணிலும் புகை மூட்டம்.

"டேய், கீழ நிக்கிறது நீயா, தண்ணி டிரம்மா?"

"நான்தான் அக்கா."

"நினைச்சேன். டிரம்னா இவ்வளவு நேரம் சும்மா நிக்காது, யாராவது வந்து உருட்டிட்டுப் போயிருப்பாங்க. என்னடா கண்டுபிடிச்சீங்க?"

"நிறைய சேகரிச்சிருக்கோம் அக்கா."

"லிஃப்ட் ஓடுமா?"

"அது அடுத்த கட்டம்."

"நான் பரலோகம் போறது எந்தக் கட்டம்டா?"

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் வந்து, கயிற்றில் ஆடிக்கொண்டே மேலேறும் கூடையைப் படம் எடுத்தார். ‘மாற்றுச் செங்குத்துப் போக்குவரத்து: மின்சாரம் தேவையற்ற முறை’ என்று தலைப்பிட்டார். இதற்குத்தான் கண் வேண்டும் என்பது. நான் கூடையில் கத்திரிக்காயைத்தான் பார்த்தேன்.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. குடியிருப்புக் குழுவுக்குத் தொலைபேசி வழியாக ஒரு குரல் செய்தி அனுப்பினாள். ஆறு மாடிக் கட்டடமாக இருந்திருந்தால் ஆறாவது மாடி தானாக இடிந்திருக்கும். அப்படிப்பட்ட குரல்.

"அந்த லிஃப்டை முழுசாப் பேத்தெடுத்துக் குப்பையில போட்டுட்டுப் புதுசு வாங்குங்கய்யா! இல்லன்னா என்னைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டுப் புது அக்காவா வாங்கிக்கோங்க!"

நான் பயந்துகொண்டே முதல் மாடிக்குப் போனேன். செயலாளர் முகம் மலர்ந்திருந்தது.

"அருமையான களத் தரவு சார்!"

உடனே அதை எழுத்தில் இறக்கினார். கொஞ்சம் மெருகேற்றினார். ‘பழைய லிஃப்டை முழுமையாகப் பெயர்த்தெடுத்துக் குப்பையில் சேர்ப்பதே உகந்தது: நீண்டகாலப் பயனர் கருத்து.’ அக்காவை மாற்றும் பகுதி எங்கள் ஆய்வு எல்லைக்குள் வராததால் நீக்கப்பட்டது. நான் என் கடமைக்கு ‘கோபம்’, ‘ஐந்தாம் மாடி’ என்று இரண்டு குறிச்சொற்களை ஒட்டினேன். அன்றைக்கே செயலாளர் இன்னொரு பெருந்தன்மையும் செய்தார். பெட்டகத்தின் பச்சைக் கோப்புறையை உலகத்துக்கே திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம். "நம்ம உழைப்பு நம்மளோட போயிடக் கூடாது" என்றார். போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இதற்கிடையே கண் மருத்துவமனையிலிருந்து அக்காவுக்குத் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை காலை. லிஃப்ட் நின்ற வாரத்தில் ஒரு தேதி ஏற்கெனவே கை நழுவியிருந்தது. அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் சத்தம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"எழுதிக்கோடா. செயலாளருக்குத் தனியா அனுப்பு. குழுவுல வேணாம்."

எழுதிக்கொண்டேன்.

‘ஐயா, வரும் வெள்ளிக்கிழமை காலை எனக்குக் கண் ஆபரேஷன். இருப்பது ஒரு கண். இனியும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்கிறார். என் முழங்கால் படி இறங்காது. மெக்கானிக் பூட்டோடு தயாராக இருக்கிறார். மெஷின் ரூம் சாவியை மட்டும் அவரிடம் கொடுத்து உதவுங்கள். அன்று கோபத்தில் பேசியதை மனதில் வைக்க வேண்டாம்.’

"கெஞ்சற மாதிரி இருக்கா?" என்றாள்.

"கொஞ்சம் இருக்கு."

"பரவால்ல. இருந்துட்டுப் போகட்டும்."

அனுப்பினேன். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. கூப்பிய கைகளின் படம் ஒன்று. அதன் பக்கத்தில் பளபளவென்று ஒரு தங்க நட்சத்திரம்.

அக்காவிடம் சொன்னேன். நெகிழ்ந்துபோனாள்.

"உடனே பதில் போட்டுட்டாரா! தங்க நட்சத்திரம் வேறயா! நல்ல மனுஷன்டா. நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன்."

எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் படிக்கட்டில் செயலாளரை மறித்துக் கேட்டேன்.

"அக்கா அனுப்பினது வந்துதா சார்?"

"வந்துதே! ரொம்ப முக்கியமான இடத்துல இருக்கு" என்றார், நெஞ்சில் கை வைத்து. நெஞ்சுதான் அந்த இடம் என்று நான் புரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் சங்கத்தின் பொதுக்கூட்டம். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள். சுவரில் வெள்ளைத் துணி. கணினியிலிருந்து அதன்மேல் வெளிச்சம் விழும்படி ஏற்பாடு. காலையில் ஆபரேஷன் இருப்பதால், கூட்டத்தில் சாவியை மெக்கானிக்கிடம் ஒப்படைக்கும் ‘வைபவம்’ நடக்கும் என்று நம்பி, அவரையும் பூட்டையும் நானே வரவழைத்து ஓர் ஓரமாக உட்கார வைத்திருந்தேன். அக்கா மேலே பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத் தொலைபேசியில் காத்திருந்தாள்.

செயலாளர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே! லிஃப்டைப் பழுது பார்க்கறதா, மாத்தறதாங்கற கேள்விக்கு உலக அறிஞர்கள் ஒருமித்த விடை குடுத்திருக்காங்க. தனித்தனியா மூணு இணையதளங்கள். மூணும் ஒரே முடிவு!"

துணியில் எழுத்து வந்தது. ‘பழைய லிஃப்டை முழுமையாகப் பெயர்த்தெடுத்துக் குப்பையில் சேர்ப்பதே உகந்தது.’

கைதட்டல். எனக்கு மட்டும் அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டது போல இருந்தது. எங்கேயோ என்ன, ஐந்தாம் மாடியிலிருந்து வந்த குரல் செய்தியில்.

"சார், அந்தப் பக்கத்துக்கு அடியில ‘நன்றி’ன்னு ஒண்ணு இருக்கே, அதை அழுத்துங்க."

அழுத்தினார். இன்னொரு தளம் வந்தது. அதே வாக்கியம். அடியில் வேறொருவருக்கு நன்றி. அதை அழுத்தினார். மூன்றாவது தளம், மீண்டும் நன்றி. அதையும் அழுத்தினார்.

பச்சைக் கோப்புறை திறந்தது. நாங்கள் இரண்டு கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்த அதே பச்சை. அதில் என் கையால் ஒட்டிய குறிச்சொற்கள்: ‘கோபம்’, ‘ஐந்தாம் மாடி’.

"சார், உலக அறிஞர் என் அக்கா சார்!"

வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் இடிந்து உட்கார்ந்திருப்பார். எங்கள் செயலாளர் கண்கள் விரிந்தன.

"மூல ஆசிரியரே நம்ம குடியிருப்பிலயா! இது எப்பேர்ப்பட்ட பாக்கியம்! கூப்பிடுங்க, கூப்பிடுங்க!"

தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அம்மா, லிஃப்டை முழுசா மாத்தணும்ங்கற உங்க கோட்பாட்டை இந்த அவையில உறுதிப்படுத்த முடியுமா?"

"கோட்பாடா? அது ஆத்திரத்துல கத்தினதுய்யா! மாத்தவும் வேணாம் ஒண்ணும் வேணாம். மெக்கானிக் கையில சாவியைக் குடுங்க, போதும்."

செயலாளர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஆசிரியர் தன் பிற்காலத்துல கருத்தை மாத்திக்கிட்டிருக்காங்க. முற்காலக் கருத்து, பிற்காலக் கருத்து. இரண்டையும் ஒப்பிட்டு ஆராய ஒரு துணை ஃபோல்டர் தேவைப்படும்."

"நல்ல வேளை, அம்மாவுக்கு இடைக்காலம் இல்ல" என்றார் பல் டாக்டர் நிம்மதியாக.

மேலே இருந்து குரல் வந்தது. தொலைபேசியில் ஒரு தடவை, பால்கனி வழியாக ஒரு தடவை.

"நாளைக்குக் காலையில எனக்குக் கண் ஆபரேஷன்யா! உங்களுக்குத்தான் எழுதியிருந்தேனே!"

"வந்துது அம்மா. சேமிச்சு வெச்சிருக்கேன்."

"படிச்சீங்களா?"

வண்டி நிறுத்தும் இடத்தில் யாரோ இருமினார்கள். செயலாளர் விரல்கள் பொத்தான்கள்மேல் பறந்தன. கண் மூடித் திறப்பதற்குள் துணியில் வந்துவிட்டது. ‘முக்கியம்’ என்ற கோப்புறை. அதற்குள் ‘மிக முக்கியம்’. அதற்குள் ‘பிறகு படிக்க’. அதற்குள், தங்க நட்சத்திரம் குத்திய என் அக்காவின் செய்தி. பிரிக்காத பொட்டலம்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எவ்வளவு வேகம்! எவ்வளவு ஒழுங்கு! "இந்த மாதிரி ஒரு செயலாளர் வேற எந்தக் கட்டடத்துக்குக் கிடைப்பார்?" என்று பின் வரிசையில் ஒருவர் தழுதழுத்தார்.

"இப்பவாவது படிங்க சார்" என்றேன்.

படித்தார். உண்மையாகவே உருகிப்போனார். "என்ன தெளிவான நடை!" என்றார். "சாவிதானே? இதோ!"

மறுபடியும் விரல்கள் பறந்தன. துணியில் சாவி வந்தது. முன்பக்கப் படம், பின்பக்கப் படம், ஒரு ரூலருக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படம். கீழே ஒரு குறிப்பு: ‘மெஷின் ரூம் சாவி. இருக்கும் இடம்: பத்திரமான இடம்.’

"அது எந்த இடம் சார்?" என்றார் மெக்கானிக்.

அந்தக் கேள்விக்குப் பெட்டகத்தில் குறிப்பு இல்லை. செயலாளர் வீட்டில் மேசை, அலமாரி, அரிசி டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தோம். சாவி மட்டும் கிடைக்கவில்லை. அதைச் சேமித்தாகிவிட்டது அல்லவா, அப்புறம் அது எதற்கு?

"மெஷின் ரூம் பூட்டை உடைச்சிடலாம் சார், ரெண்டு தட்டுதான்" என்றார் மெக்கானிக்.

செயலாளர் அதிர்ந்தார். "பொதுச் சொத்து! உடைக்கறதுன்னா முன்கூட்டியே அறிவிப்புக் குடுத்துப் பொதுக்கூட்டம் கூட்டணும். சங்கத்தோட விதிகள் எங்கிட்ட இருக்கு, காட்டறேன்." காட்டினார், கண் மூடித் திறப்பதற்குள். ‘பொதுக்கூட்டம்தானே இப்ப கூடியிருக்கு’ என்று பல் டாக்டர் முனகினார். ‘அறிவிப்புல லிஃப்ட்தான் இருக்கு, பூட்டு இல்ல’ என்று பதில் வந்தது. சற்று முன் எழுந்து நின்று கைதட்டியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிப் படியேறினார்கள். முழங்கால் எல்லாருக்கும் நன்றாகவே வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக்கும், பல் டாக்டரும், நானும் அக்காவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினோம். அக்கா லேசான ஆள் இல்லை. எங்கள் மூவரில் உருப்படியான கை மெக்கானிக்குடையது மட்டும்தான். இரண்டு படிக்கு ஒரு தடவை இறக்கி வைத்தோம். "அசைக்காதடா, சீட்டைக் கலைக்கிற மாதிரி கலைக்கிறியே!" என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றோம். லிஃப்ட் எதிரே வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"இங்கதான் அந்தப் பூட்டா?" என்றாள் அக்கா.

"ஆமாம்மா." மெக்கானிக் பையிலிருந்து புதுப் பூட்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அவள் கண்ணால் பார்க்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். தீப்பெட்டி அளவுகூட இல்லை.

"இத்துனூண்டா!" என்றாள். அதன்பிறகு கீழே இறங்கும் வரை அவள் யாரையும் திட்டவில்லை.

முதல் மாடிக்கு வந்தபோது செயலாளர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"ஒரு நிமிஷம்! அப்படியே நில்லுங்க!"

சாவி கிடைத்துவிட்டது என்று நினைத்தோம். நின்றோம். அவர் படம் எடுத்துக்கொண்டார். ‘மாற்றுச் செங்குத்துப் போக்குவரத்து: நாற்காலி முறை.’ பச்சைக் கோப்புறையில் இன்றும் இருக்கிறது. படத்தில் பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தெளிவாகத் தெரியும்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "ரொம்ப முத்திப்போச்சும்மா. அடுத்த தேதி குடுக்கறேன். ஆனா பழைய பார்வை வரும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். மெக்கானிக் போலவே இவரும் பார்த்த உடனே சொல்லிவிட்டார். எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அக்கா இப்போது என்னோடு கீழ்த்தளத்தில் இருக்கிறாள். மத்தியானம் சீட்டு விளையாடுகிறோம். அவள் கையில் இருக்கும் சீட்டுகளை நானே அவள் காதில் படித்துச் சொல்கிறேன். பிறகு என் நாற்காலிக்குத் திரும்பி வந்து, எதுவும் தெரியாதவன் போல விளையாடுகிறேன். அப்படியும் அவள்தான் ஜெயிக்கிறாள். அது ஒன்றுதான் இந்த வீட்டில் இன்னும் சரியாக ஓடுகிறது.

இவ்வளவு செய்த மகானைச் சும்மா விடலாமா? என் சர்வீஸில் கடிதங்கள் தாமதமாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். மழையில் நனைந்தது, கதவு மாறிப் போனது, எலி கடித்தது எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் வந்த கடிதத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு, தங்க நட்சத்திரம் குத்தி, மிக முக்கியமான இடத்தில், பிரிக்காமலே வைத்தவர் என்று இவரைத்தான் கண்டேன். அவருக்குப் பாராட்டு விழா எடுத்தே ஆக வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். மாலை மரியாதையெல்லாம் பழைய பாணி. அக்காவின் ஐந்தாம் மாடி வீடு இப்போது காலியாகத்தான் இருக்கிறது. லிஃப்டும் இன்னும் மூன்றாம் மாடியிலேயேதான் நிற்கிறது. அவருக்கும் முழங்கால் வலி ஆரம்பித்திருப்பதாகக் கேள்வி. நாற்காலி முறையில் நாங்களே அவரை மேலே தூக்கிக்கொண்டு போய், பெட்டகத்தோடு உட்கார வைத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

என்றாவது ஒரு நாள் கீழே இறங்க வேண்டும் என்று தோன்றினால் அவர் எனக்கு ஒரு வரி எழுதி அனுப்பட்டும். கூப்பிய கைகளும் தங்க நட்சத்திரமும் உடனே போய்ச் சேரும். பத்திரமாகச் சேமித்து வைப்பேன்.